பூதனைக்கு ஒரு முகம்

அப்பாவுக்கு மனதிலிருந்து ஒரு முகம் கீற வராது. மாடு, மரம், குளக்கட்டு, மழை வானம் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கீறுவார். முகம் என்று வந்தால் யாருடையதையாவது எடுத்தாக வேண்டும். ஆள் முன்னால் இருந்தால் பார்த்து எடுப்பார். இல்லாவிட்டால் எப்போதோ பார்த்து வைத்ததை எடுப்பார். கேட்டு எடுக்கிற பழக்கம் மட்டும் அவரிடம் இருக்கவில்லை.

நாயாற்றுக் கடற்கரையில் கொட்டில் கட்டி வாடி போட்டிருந்த மீன்பிடிகாரர் ஒருமுறை அந்தோனியாருக்குச் சிலை, அவர்கள் பேச்சில் சுருவம், செய்து தரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்பா போய் வாடியிலேயே தங்கி, சீமெந்தில் செய்து கொடுத்துவிட்டு வந்தார். பார்த்தால் அந்தோனியாருக்கு அந்த வாடி முதலாளியான சம்மாட்டியின் முகம். வேலையாட்களைக் கன்னத்தைப் பொத்தி அறைகிற, சாராயத்தைக் குடித்துவிட்டு மணலில் புரளுகிற அதே மனுசன். சனம் மெழுகுதிரி கொளுத்தி அந்த முகத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றது. சம்மாட்டிக்கே அந்தப் பக்கம் போக வெட்கமாம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் வயிறு நோகச் சிரித்தோம். அடுத்தவனுடைய முகம்தானே போனது!

இப்போது சிலர் என்னைத் தேடி வந்து அப்பாவைப் பற்றிக் கேட்கிறார்கள். குருவே இல்லாமல் தானாகக் கற்ற கலைஞராம், வன்னிக் காட்டுக்குள் இருந்த மேதையாம். எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஓம், குரு இருக்கவில்லை, அது உண்மை. யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணியும் இல்லாமல் இருந்த எங்களுக்குக் குளத்துத் திட்டத்தில் வயலும் மேட்டுக்காணியும் கிடைத்து இங்கே வந்தபோது, அப்பாவுக்குத் தூரிகை என்றால் என்னவென்று தெரியாது. கரிக்கட்டியால் சுவரில் கீறத் தொடங்கினார். பிறகு செங்கல்லை இடித்துச் சிவப்பு, சலவை நீலத்தில் நீலம், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து இன்னொன்று. விளாம்பிசினைக் கரைத்து விட்டால் நிறம் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்று தானாகவே கண்டுபிடித்தார். அணில் வால் மயிரைக் கட்டித் தூரிகை செய்தார். வாய்க்கால் கட்ட வந்த மேசன்மாரோடு நாள் முழுதும் நின்று சீமெந்து குழைக்கப் பழகினார். சலூனுக்குப் படம், தேத்தண்ணிக் கடைக்குப் பலகை, தேருக்குக் குதிரை என்று எல்லாம் செய்தார். ஊரில் அவருக்குப் பெயரே படக்காரன்தான்.

நல்லது. அந்த நேரமெல்லாம் வயல் யார் பார்த்தது? அம்மா. வரம்பு கட்டியது அம்மா, புல்லுப் பிடுங்கியது அம்மா, தண்ணீர்ச் சண்டைக்குப் போனது அம்மா, பன்றி வராமல் கத்திக் கலைத்தது அம்மா. மாடு விட்டு நெற்சூடு மிதிக்கிற அன்றைக்கும் அப்பா வைக்கோலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அருமையான கண்ணால் அவர் அம்மாவை ஒருநாளும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஒரேயொரு தரம் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் இங்கே எழுத வந்தேன்.

எனக்குப் பின்னால் நெடுநாள் கழித்துத் தம்பி பிறந்தான். நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போ என்னவோ. குடியேற்றத்தில் காய்ச்சல் படுக்காத வீடு கிடையாது. தம்பிக்குக் குப்புறப் புரளுகிற பருவத்தில் காய்ச்சல் வந்தது. பால் குடிக்கமாட்டான், குடித்தாலும் சத்தி எடுத்துவிடுவான். மருந்து கொடுக்கிற அப்போதிக்கரியிடம் கொண்டுபோக அம்மா வண்டில் கேட்டு அலைந்தார். மழை பெய்து வாய்க்கால் பாதை முறிந்து கிடந்தது, ஒருவரும் மாட்டைப் பூட்டவில்லை. அடுத்த நாள் காலமை அம்மாவின் மடியில், முலையில் வாய் வைத்தபடியே போய்விட்டான். அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் தெரியவேயில்லை. நித்திரை என்று நினைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

அயலில் பிள்ளைப்பேறு பார்க்கிற மனுசி ஒருத்தி இருந்தாள். வந்து தம்பியின் வாயைத் திறந்து பார்த்தாள். கடைவாயில் பால் வழிந்திருந்தது. "தாயின்ரை பால் கெட்டுப்போச்சு. பாலெல்லோ பிள்ளையைக் கொன்றது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அவளுடைய வாய் அழுகிப்போக என்று நான் அன்றைக்குத் திட்டினேன். இன்றைக்கும் திட்டுகிறேன்.

அப்போதுதான் அம்மா கத்தினார். வாயை அகலத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, கொண்டை அவிழ்ந்து விழக் கத்தினார். ஒரு மனுசியின் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சத்தம் கேட்டு அப்பா படம் கீறுகிற தன் கொட்டிலிலிருந்து வந்தார். அழப்போகிறார் என்று பார்த்தேன். அவர் குசினிக்குள் போய்க் கரிக்கட்டி எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவுக்கு முன்னால் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எடியே, துணியை விலத்து. பிள்ளையின்ரை முகம் தெரியேல்லை" என்றார்.

அம்மாவுக்கு அது காதில் ஏறவில்லை. அப்பாவே எட்டித் துணியை விலக்கினார். பிறகு வெள்ளையடித்த சுவரில் கீறத் தொடங்கினார். அம்மா தம்பியை அணைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினார்.

"அழுறதெண்டால் அழு, நான் வேண்டாமெண்டேல்லை. தலையை மட்டும் ஆட்டாதை."

அப்படித்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். செத்த வீட்டுக்கு வந்திருந்த சனமும் வாய் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருத்தருக்கும் அந்தக் கையைப் பிடித்து இழுக்கத் தோன்றவில்லை. கீறி முடிந்ததும் "அச்சொட்டு, அதே முகம்" என்று இரண்டு மூன்று பேர் மெச்சவும் செய்தார்கள். தம்பியைப் புதைத்துவிட்டு வந்த பிறகு அம்மா அந்தச் சுவருக்குக் கீழேதான் படுத்தார். எங்களிடம் தம்பியின் படம் என்று வேறு ஒன்றும் இல்லை. யார் அப்போது குழந்தைகளைப் படம் பிடித்தார்கள்! ஒரு மாதம் போயிருக்கும். அப்பா அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு அதில் ஒரு யானை கீறினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "சுவர் வேணும், என்ன செய்யச் சொல்லுறாய்?" என்றார் அப்பா.

எங்கள் பகுதிச் சனம் யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது அங்கே இருந்த பெருமாள் கோயில் வாசலில் ஒரு பிடி மண் எடுத்து வந்திருந்தது. அதைப் போட்டு எழுப்பி ஓலைக் கொட்டிலாக இருந்த கோயிலை, தம்பி செத்த அடுத்த வருசம் கல்லால் கட்டினார்கள். முகப்பில் கண்ணனுடைய விளையாட்டெல்லாம் வரவேண்டும் என்று தீர்மானம். யாழ்ப்பாணத்து ஆசாரிமார் இந்தக் காட்டுக்கு வரமாட்டார்கள், வந்தாலும் கட்டுபடியாகாது. அப்பா சும்மாவே செய்து தருகிறேன் என்றார். வெண்ணெய் திருடுகிற கண்ணன் வந்தான், கடைக்காரரின் மகனுடைய முகத்தோடு. பாம்பின் மேல் ஆடுகிற கண்ணன் வந்தான். நடுவில், வாசலுக்கு நேர் மேலே, பெரிதாகப் பூதனை.

பூதனையை எல்லோருக்கும் தெரியும். முலையில் நஞ்சு பூசிக்கொண்டு பிள்ளையைக் கொல்ல வந்த அரக்கி. கண்ணன் பாலோடு சேர்த்து அவளுடைய உயிரையும் குடித்துவிட, கத்திக்கொண்டு விழுந்து சாகிறாள். அந்தச் சாவைத்தான் அப்பா செய்தார். செய்து முடியும்வரை சாக்கும் தென்னங்கிடுகும் கட்டி மறைத்திருந்தார். சிலைக்குக் கண் கடைசியாகத்தான் வைப்பது. கும்பாபிசேக அன்று விடியக் கருக்கலில் அப்பா ஏறிக் கண் வைத்துவிட்டு இறங்கினார். ஐயர் கும்பத் தண்ணீரை எல்லா உருவத்துக்கும் தெளித்து முடித்த பிறகுதான் மறைப்பை அவிழ்த்தார்கள். மேளம் அடிக்கிறது, சனம் கோவிந்தா என்று கையெடுக்கிறது. கிடுகு விழுந்தது.

மேளம் மட்டும் அடித்தது. சனத்தின் சத்தம் நின்றுவிட்டது. பிறகு ஒருத்தி சொன்னாள்: "படக்காரன்ரை பெண்சாதியெல்லோ உது!"

அம்மா என் பக்கத்தில் நின்றார். அவர் பூதனையைப் பார்க்கவில்லை. பூதனையின் மார்பில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். "தம்பி" என்றார். "இஞ்சை பார் பிள்ளை, எங்கடை தம்பி." உண்மைதான். மூடிய கண், கொஞ்சம் திறந்த வாய், நெற்றியில் விழுந்த மயிர், எல்லாம் அவனேதான். அம்மாவின் கை அந்தரத்தில் நீண்டது. அதற்குப் பிறகுதான் அவருடைய கண் பிள்ளையிலிருந்து மேலே போனது. கோரைப்பல் வைத்த வாய், புடைத்த கழுத்து, அவிழ்ந்த கொண்டை. அம்மா கையை எடுத்துத் தன் வாயைப் பொத்தினார். அதன் பிறகு அவர் வாய் திறந்து அழுததையோ சிரித்ததையோ நான் வெகுகாலம் காணவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா கேட்டார். சண்டை பிடிக்கவில்லை, கேட்டார். "ஏனப்பா என்னைச் செய்தனியள்?"

அப்பா சோறு தின்றுகொண்டிருந்தார். "பூதனை சாகேக்கை எப்பிடிக் கத்தியிருப்பாள்? எனக்குத் தெரியுமே? நீதான் கத்திக் காட்டினனி. வேறை ஆர் எனக்குக் காட்டினது?"

"சனம் நான் நஞ்சு குடுத்தனெண்டெல்லோ சொல்லப்போகுது."

"சொல்லட்டும். முகம் சரியா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார். அம்மா மோர் ஊற்றினார். நானாக இருந்தால் சட்டியோடு தலையில் கவிழ்த்திருப்பேன்.

அடுத்த நாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கோயில் பொறுப்பாளரிடமும் ஐயரிடமும் போனார். முகத்தை மட்டும் கொத்தி மாற்றித் தரவேண்டும், பிள்ளையைத் தொடவேண்டாம், இவ்வளவுதான் கேட்டார். ஐயர் நல்ல மனுசன். அவருக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் தலையை ஆட்டினார்.

"கண் திறந்து கும்பத் தண்ணியும் விழுந்திட்டுது, பிள்ளை. இனிப் பன்னிரண்டு வருசத்துக்கு ஒருத்தரும் அதிலை உளி வைக்கேலாது. வைச்சால் ஊருக்குக் கூடாது."

பொறுப்பாளர் அதற்கு மேலே போனார். "என்ன கண்டறியாத கதை கதைக்கிறாய்? முரசுமோட்டையிலை இருந்தெல்லாம் வண்டில் கட்டி வந்து பாக்குதுகள். உனக்குப் பெருமையெல்லோ" என்றார். அந்த வருசம் மழையும் பிசகாமல் பெய்து, வயலும் நன்றாக விளைந்து தொலைத்தது. அதோடு சரி. ஊரே திரண்டு நின்று அந்தப் பூதனையைக் காத்தது.

பன்னிரண்டு வருசம்! எழுதும்போது ஒரு சொல்லாக முடிந்துவிடுகிறது. பால்தான் கொன்றது என்று அந்த மனுசி சொன்ன கதை சனத்துக்கு அரைகுறையாகத்தான் இருந்தது. இப்போது அது கோயில் முகப்பில், வர்ணம் பூசி நின்றது. சாமி வாசலிலேயே இருப்பது பொய்யாக இருக்குமா? பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்ததும் பிள்ளையைச் சொந்தக்காரர் வீடுகளுக்குத் தூக்கிப் போவார்கள். எங்கள் வேலிப் படலையை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் அம்மா வருகிற வரம்பை விட்டு வயலுக்குள் இறங்கி நடப்பார்கள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பூதனையின்ரை பெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். நான் இரண்டு பேரின் பல்லை உடைத்தேன். கூப்பிடுவது நிற்கவில்லை, எனக்கு முன்னால் கூப்பிடுவதுதான் நின்றது.

ஒருநாள் நானும் அம்மாவும் வயலால் வந்துகொண்டிருந்தோம். பக்கத்துக் காணிக்காரியின் பிள்ளை தவழ்ந்து தவழ்ந்து வாய்க்கால் ஓரத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் நிறைந்து ஓடுகிறது. அம்மா கடகத்தை எறிந்துவிட்டு ஓடிப்போய் அதைத் தூக்கினார். தூக்கியவர் உடனே விடவில்லை. நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளை அவருடைய தோடைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அதற்குள் தாய்க்காரி கூக்குரலிட்டுக்கொண்டு வந்து பறித்தாள்.

"வாய்க்காலுக்கை விழப் போச்சுது, அதுதான்..." என்றார் அம்மா.

அவள் எங்களுக்கு முன்னாலேயே பிள்ளையின் உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, மஞ்சள் கரைத்துக் கொண்டுவந்து தலையில் வார்த்தாள். பிள்ளை குளிரில் வீரிட்டது. அம்மா கடகத்தைப் பொறுக்கி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். அன்றைக்கு நான் அழுதேன். அம்மா அழவில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் கோயிலுக்குப் போனார். உள்ளே போகமாட்டார். வாசலில் நின்று அண்ணாந்து பிள்ளையை மட்டும் பார்ப்பார். அப்பா சுவரில் அழித்த தம்பி அங்கேதான் இருந்தான். வந்து போகிறவர்கள் மேலே ஒருதரம் கீழே ஒருதரம் பார்த்து ஒத்துப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நிற்பார். எனக்கென்றால் அந்தப் பெருமாளையே பிடித்து உலுப்ப வேண்டும் போலிருக்கும்.

எனக்குக் கலியாணம் பேசுவது பெரும்பாடாகிப் போனது. கடைசியில் பிந்தி வந்து குடியேறிய ஒரு குடும்பம் சம்மதித்தது. மாப்பிள்ளையின் தாய், என் மாமி, ஒளிவுமறைவு இல்லாத மனுசி. "நான் பெட்டையைத்தான் எடுக்கிறன், தாயை இல்லை" என்று பேச்சுக்காலிலேயே சொன்னார். அடுத்த வருசம் எனக்கு மகன் பிறந்தான். மாமி அவனைத் துணியில் சுற்றி என் பக்கத்தில் கிடத்திவிட்டுச் சொன்னார்:

"இஞ்சை பார் பிள்ளை. அந்த முகம் கோயிலிலை கிடக்குமட்டும் உன்ரை கொம்மா என்ரை பேரனைத் தொடக்கூடாது. என்னைக் கூடாதவளெண்டு நினைச்சாலும் பரவாயில்லை."

அம்மா முருங்கையிலை, சின்ன மீன் என்று எதையாவது கொண்டுவந்து படலையில் நிற்பார். நான் மகனைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே நின்று காட்டுவேன். மகன் அவரைப் பார்த்துப் பொக்கை வாயைக் காட்டினால் அவருடைய இரண்டு கையும் தானாக எழும்பும். பிறகு தானாக இறங்கும். "மாமி இல்லை அம்மா, ஒருக்காத் தூக்கணை" என்றேன் ஒருநாள். "வேண்டாம் பிள்ளை. காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் என்னைத்தான் சொல்லுவினம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அந்த வருசம்தான் பன்னிரண்டு முடிந்தது. சாமியைப் பக்கத்தில் சின்னக் கொட்டிலுக்கு மாற்றிவிட்டுக் கோயிலில் திருத்தவேலை தொடங்கினார்கள். முகப்பு வேலை திரும்பவும் அப்பாவுக்குத்தான். வேறு யார்? நான் மகனை மாமியிடம் கொடுத்துவிட்டு அவருடைய கொட்டிலுக்குப் போனேன். அப்பா கம்பி வளைத்துக்கொண்டிருந்தார். வயது போயிருந்தாலும் கை நடுங்கவில்லை. நடுங்கியிருக்கலாம்.

"அம்மான்ரை முகத்தை எடுங்கோ" என்றேன்.

"அது இந்த மாகாணத்திலேயே இல்லாத முகம். நீ என்ன விளையாடுறியே?"

எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது. அந்தப் பன்னிரண்டு வருசத்தையும் அவருடைய மூஞ்சியில் கொட்டினேன். செத்த பிள்ளையை வைத்துக்கொண்டு படம் கீறினாயே நீ மனுசனா என்று கேட்டேன். மஞ்சள் தண்ணீரைச் சொன்னேன். படலையில் நின்று கையைத் தூக்கித் தூக்கி இறக்குகிற மனுசியைச் சொன்னேன். உன் கை அழுகிப்போகாதா, உன் கண் அவிந்துபோகாதா என்று பெற்ற தகப்பனைப் பார்த்துக் கத்தினேன். கத்திய கத்தில் கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. பால் கட்டி நெஞ்சு நொந்து சட்டை நனைந்துபோயிற்று. நான் நிறுத்தவில்லை.

அப்பா கம்பியைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "இஞ்சாலை, வெளிச்சத்துக்கு வந்து சொல்லு பிள்ளை. நான் கேக்கிறன்" என்றார். நான் வாசல் வெளிச்சத்துக்கு வந்து மிச்சத்தையும் சொன்னேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா நான் சொல்வதைக் கேட்கிறார் என்று நினைத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அந்த நேரம் அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

"சரி. மாத்திறன்" என்றார்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "தம்பியைத் தொட வேண்டாமெண்டு சொன்னனியே?" என்றுதான். சொல்லியிருந்தேன். தம்பியை அப்பா தொடவில்லை.

இந்த முறை கோயில்காரரும் விழிப்பாகத்தான் இருந்தார்கள். கண் வைப்பதற்கு முன்பே பொறுப்பாளரும் ஐயரும் ஏணியில் ஏறிச் சாக்கை விலக்கிப் பார்த்தார்கள். அம்மாவின் முகம் இல்லை. அதைத்தான் பார்க்கப் போனார்கள், அது இல்லையென்றதும் இறங்கிவிட்டார்கள். நானும் ஏறிப் பார்த்தேன். வர்ணமில்லாத சாம்பல் சீமெந்து, திறந்த வாய், பல், கண்ணிருக்கிற இடத்தில் வெறும் மேடு. யாருடையதும் இல்லை என்று எனக்குப் பட்டது. என் முகத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பொட்டு வைக்க ரசம் போன உள்ளங்கையளவு கண்ணாடி ஒன்று வைத்திருந்தேன். கோபம் வந்தால் என் முகம் எப்படியிருக்கும் என்று அதில் யார் பார்த்தார்கள்?

கும்பாபிசேக அன்று நல்ல வெயில். மகன் பசியில் கத்தத் தொடங்கிவிட்டான். கோயில் வாசலுக்கு எதிரே நின்ற மருத மர நிழலில் இருந்து அவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றார். புதுச் சேலை. மாமி என் பக்கத்தில் நின்றார். கும்பத் தண்ணீர் தெளித்தார்கள். மறைப்பு விழுந்தது.

அம்மாவின் குரல்தான் முதலில் கேட்டது. "நானில்லை! ஐயோ பெருமாளே, நானில்லை!" வாயைத் திறந்து, சத்தமாகச் சிரித்து, பக்கத்தில் நின்றவர்களின் தோளையெல்லாம் பிடித்து உலுப்பிச் சொன்னார். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. சனம் அம்மாவைப் பார்க்கவில்லை. மேலே பார்த்த தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி, தேடி, மருத மரத்தடிக்கு வந்து நின்றன. எல்லோரும் ஏன் என்னைப் பார்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. சேலை விலகிவிட்டதோ என்று இழுத்து மூடினேன். பிறகு நானும் மேலே பார்த்தேன். மயிரை விரித்துப்போட்டு, வாயை அகலத் திறந்து ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள். தம்பி அவளுடைய மார்பில் கிடந்தான். கண் வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அது அப்பாவின் கொட்டில் வாசலில் நின்று கத்திய நான்.

அப்பா ஏணிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப மேலே பார்த்தார். "ஒரு சொட்டும் பிசகேல்லை" என்று பொறுப்பாளரிடம் சொன்னார்.

நான் எழும்புவதற்குள் மாமி குனிந்து மகனை முலையிலிருந்து பிரித்து எடுத்துவிட்டார். அவன் வாயில் பால் இருந்தது. அதை மாமி தன் சேலைத் தலைப்பால் உள்ளே விரல் விட்டுத் துடைத்தார். வீடு வந்து சேரும்வரை அவன் கத்தியதை ஊர் முழுதும் கேட்டது. மாமியின் மகன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார். வந்ததும் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஓம், என் புருசனைத்தான் சொல்கிறேன்.

"உன்னிலை பிழையில்லைப் பிள்ளை" என்றார் மாமி. "எனக்குத் தெரியும். ஆனால் கண் திறந்திட்டுது. இனி நான் என்ன செய்யிறது? நீ குடுக்காதை. நான் பசுப்பால் காய்ச்சிறன்."

அதற்குள் அம்மா மூச்சிரைக்கப் படலையைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஒருநாளும் தாண்டாத படலை. மாமி அவரைப் பார்த்தார். பிறகு மகனை அவரிடம் நீட்டினார். "இந்தாங்கோ. நீங்கள் பருக்குங்கோ. உங்களுக்கு இனி ஒண்டும் இல்லைத்தானே."

அம்மா கைகளை நீட்டி வாங்கினார். இந்த முறை கைகள் இறங்கவில்லை. திண்ணைக் குந்திலே இருந்து மடியில் கிடத்தி, ஆறவைத்த பாலைக் கரண்டியால் எடுத்து ஊட்டினார். மகன் துப்பினான். திரும்பவும் ஊட்டினார். "என்ரை குஞ்சு, என்ரை ராசா" என்று கொஞ்சினார். நான் எதிரே சுவரில் சாய்ந்து நின்றேன். என் சட்டை இரண்டு பக்கமும் நனைந்து வயிற்றில் ஒழுகியது. "அம்மா" என்று கூப்பிட்டேன். மகன் என் குரல் கேட்டுத் தலையைத் திருப்பி என்னைத் தேடினான்.

அம்மாவுக்கும் அது கேட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. இருந்த இடத்திலேயே நகர்ந்து திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மகனுக்கு அடுத்த கரண்டியை ஊட்டினார்.